அம்மாவோடு டர்பனில் ஆறு இரவுகள்

தென்னாப்பிரிக்காவில் குறைந்த வாடகையில் தங்க இடம் தேடுகிறவர் முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஊரில் ‘ஹாஸ்டல்’ என்றால் மாணவர் விடுதி நினைவுக்கு வரும். வெளிநாடு சுற்றி வந்தவர்களுக்குப் பயணிகள் கூடித் தங்கும் மலிவு விடுதி நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல்லின் வரலாறு வேறு. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கு வந்த ஆண்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, ஒரே கட்டடத்தில் நூற்றுக்கணக்கில் அடைத்துத் தங்கவைத்தார்கள். அந்தக் கட்டடங்களுக்குத்தான் அப்பெயர் வழங்கிவருகிறது. டர்பனைச் சுற்றியுள்ள உம்லாசி, குவாமாஷு பகுதிகளில் அவை இன்றும் இருக்கின்றன. பயணிகளின் மலிவு விடுதிக்கு இந்நாட்டார் ‘பேக்பேக்கர்ஸ்’ என்று சொல்வார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் டாக்சிக்காரரிடம் இடம் கேட்டால், அவர் உங்களை ஐயத்தோடு பார்ப்பது நியாயமே.

ஜோகன்னஸ்பர்க்கில் வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வரும் ஜூலைக் கடைசியில் அம்மா குடியாத்தத்திலிருந்து வருகிறார். அவருக்கு வயது அறுபத்தாறு. இது அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். சிங்கம், யானை, கேப் டவுன் மலை என்று நான் அடுக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, டர்பனுக்குக் கூட்டிட்டுப் போவியா?” என்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். அம்மாவின் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றி மிஞ்சியிருப்பது ஒரு பெயரும், அவருடைய அப்பா பெயரும், ஊர்ப் பெயரும்தான். அவர் கால் வைத்த கரையில் தானும் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

ஆகவே இந்தப் பயணத்தில் கடற்கரை இரண்டாம் பட்சமே. 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியே வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம், உடலில் உள்ள மச்சம் தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஆவணங்களைத் தேடுகிறவர்களுக்கு வெஸ்ட்வில்லில் உள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழக வளாகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் நல்ல தொடக்கம். அதற்கு வேலை நாள்கள் வேண்டும். அவசரமில்லாமல் உட்கார மூன்று நாளாவது வேண்டும். இந்த ஒரு தேவையே என் தங்குமிடத் திட்டம் முழுவதையும் தீர்மானித்தது.

ஆறு இரவுகளுக்கு நட்சத்திர ஓட்டலில் தங்கலாமே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கையில் உள்ள பணத்துக்கு அது முடியாது என்பது முதல் காரணம். அம்மாவுக்குச் சமையலறை வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் அவருக்கு இரண்டாம் நாளே வயிறு கெட்டுவிடும். பேக்பேக்கர்ஸ் விடுதிகளில் பெரும்பாலும் பொதுச் சமையலறை உண்டு. அடுப்பு, பாத்திரம், குளிர்பதனப் பெட்டி எல்லாம் இருக்கும். ஒரு ரசமும் சாதமும் வைத்துக்கொள்ள வசதி இருந்தால் அம்மா எங்கும் இருப்பார்.

சிக்கன விடுதி பற்றி எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. இந்தத் திட்டத்தை இவ்வளவு கவனமாகப் போடுவதற்கு அதுதான் காரணம். இந்நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில், வேறொரு கடற்கரை நகரில், இணையத்தில் இருந்தவற்றிலேயே விலை குறைந்த கட்டிலைப் பதிவுசெய்துகொண்டு தனியாகப் போனேன். பேருந்து தாமதமாகி இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பறை எட்டு மணிக்கே பூட்டப்பட்டிருந்தது. கொடுத்திருந்த தொலைபேசி எண்ணை யாரும் எடுக்கவில்லை. கம்பிக் கதவுக்கு வெளியே பையோடு முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே தங்கியிருந்த ஒரு பெண் எதற்கோ வெளியே வந்தவள் என்னைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டாள். எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை அம்மாவோடு இன்னொரு முறை நிற்க என்னால் முடியாது. அதனால் இம்முறை வாடகையைக் கேட்பதற்கு முன்னால் நான் எல்லா விடுதிகளிடமும் கேட்ட முதல் கேள்வி, வரவேற்பறை எத்தனை மணி வரை திறந்திருக்கும், அதற்குப் பின் வந்தால் கதவைத் திறப்பவர் யார் என்பதுதான்.

அதற்கு ஏற்றபடியே பயணத்தையும் வகுத்தேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு என்3 நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 570 கிலோமீட்டர். பேருந்துக்கு ஏழு, எட்டு மணி நேரமாகும். இரவுப் பேருந்தில் போனால் ஓர் இரவு வாடகை மிச்சம் என்பார்கள். விடியுமுன் வந்து இறங்கி, அறை கிடைக்கும் நண்பகல் வரை வயதான பெண்மணியைப் பையோடு எங்கே உட்காரவைப்பது? பகலில் புறப்படும் பேருந்திலும் மிகக் காலையில் கிளம்புவதையே தேர்ந்தெடுத்தேன். ஆகஸ்டில் டர்பனில் மாலை ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதை ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இங்கே சூரியன் சற்றுப் பிந்தித்தான் மறைகிறது. நான்கு மணிக்குள் அறைக்குள் இருக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். பேருந்து நிற்கும் டர்பன் நிலையத்திலிருந்து நடந்து போகும் எண்ணமே இல்லை. நிலையத்துக்குள்ளேயே இருந்து ஊபர் அல்லது போல்ட் அழைத்து, வண்டி வந்த பிறகுதான் வெளியே வருவோம்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் யோசனை உண்டு. டிசம்பரில் உள்நாட்டு மக்களெல்லாம் கடலுக்கு இறங்கிவிடுவார்கள். வாடகை ஏறும், புழுக்கமும் தாங்காது. ஜூனில் காம்ரேட்ஸ் மாரத்தான், ஜூலை முதல் சனிக்கிழமையில் கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம் என்று அறைகள் நிரம்பும். பள்ளி விடுமுறையும் அதை ஒட்டியே வரும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இந்த நெருக்கடி எதுவும் இல்லை. பகலில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று டிகிரி இதமான வெயில், மழை குறைவு. ஆகஸ்ட் 9 மட்டும் பெண்கள் தினம் என்பதால் அரசு விடுமுறை; அது ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மறுநாள் திங்கள் விடுமுறையாகும். 1956இல் பிரிட்டோரியாவில், கறுப்பினத்தவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ இருபதாயிரம் பெண்கள் பேரணி நடத்திய நாள் அது. அந்த நீண்ட வார இறுதியில் விலை கூடுவதோடு ஆவண மையமும் திறந்திருக்காது என்பதால், அதற்கு முன்பே செவ்வாய் சென்று அடுத்த திங்கள் திரும்புவதாக நாள்களை வைத்தேன்.

இந்த வாரத்துக்கு இன்னொரு பேறும் உண்டு. அது ஆடி மாதம். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பதை இன்றும் விடாமல் செய்கிறார்கள். இங்கே அதைப் ‘போரிட்ஜ் பிரேயர்ஸ்’ என்று சொல்வார்கள். கேழ்வரகுக்குப் பதிலாக மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது வழக்கமாகிவிட்டது. அம்மாவிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது சிறிது நேரம் பேச்சே இல்லை, பிறகு, “அங்கயும் ஊத்துறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போவதா, உம்கேனி சாலையில் உள்ள கோயில் தொகுதிக்குப் போவதா என்பதை மட்டும் அம்மாவே முடிவுசெய்யட்டும்.

இனி எந்தப் பகுதியில் தங்குவது என்ற கேள்வி. மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக நாள் செலவழித்தேன். மலிவு விடுதிகள் டர்பனில் சில பகுதிகளிலேயே இருக்கின்றன. துறைமுகத்தை ஒட்டிய பாயின்ட், சவுத் பீச் பக்கம் தங்கினால் கடல் காலடியில் இருக்கும். உஷாகா கடல் பூங்காவிலிருந்து உம்கேனி ஆற்றின் முகத்துவாரம் வரை கடலோர நடைபாதை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் ஓடுகிறது. காலை ஆறு மணிக்கு அங்கே ஓடுகிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள், பிள்ளைகளோடு குடும்பங்கள் என்று கூட்டமாக இருக்கும். அலைமேல் பலகை விளையாட்டுக்காரர்கள் அந்நேரத்திலேயே இறங்கியிருப்பார்கள். இருட்டிய பிறகு அதே பகுதியின் உள்தெருக்களில் நடப்பதை உள்ளூர்க்காரர்களே தவிர்க்கிறார்கள். நகர மையம் கடைகளுக்கு வசதி, இரவில் வெறிச்சோடிவிடும். துறைமுகத்தின் மறுகரையில் இருக்கும் ப்ளஃப் பகுதி அமைதியானது, கடற்கரைகளும் அழகு. ஆனால் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டுதான் நகருக்கு வர வேண்டும். உம்லாங்கா என் பணப்பைக்கு ஒத்துவராது. மேட்டில் இருக்கும் மார்னிங்சைடு, கிளென்வுட் பகுதிகளில் மரநிழல் தெருக்கள், பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்கள். வெஸ்ட்வில்லுக்கும் அங்கிருந்து நேர்வழி.

ப்ளஃபில் இரு கட்டில் தனியறை 640 ரேண்ட் சொன்னார்கள், மார்னிங்சைடில் 790. ஆறு இரவுக்கு 900 ரேண்ட் வித்தியாசம் என்பதால் மனம் ப்ளஃப் பக்கமே சாய்ந்தது. பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு நாளும் எங்கே போய் எங்கே திரும்புவோம் என்று எழுதி, செயலியில் வாடகைக் கார் கட்டணத்தைப் பார்த்துக் கூட்டினேன். வெஸ்ட்வில்லுக்குப் போய்வரும் மூன்று நாளும், சந்தைக்கும் கோயிலுக்கும் போகும் இரண்டு நாளும் சேர்ந்து, ப்ளஃபிலிருந்து போனால் கார்க் கூலி மட்டும் 960 ரேண்ட் கூடுதலாகிறது. கட்டில் வாடகையை மட்டும் பார்த்து விடுதியை முடிவுசெய்கிற பழக்கத்தை நான் அன்றோடு விட்டேன். நீங்களும் பதிவுசெய்யுமுன் இந்தத் தாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.

மார்னிங்சைடிலும் எல்லாத் தெருவும் ஒன்றல்ல. ஃபுளோரிடா சாலையில் உணவகங்களும் மதுக்கூடங்களும் வரிசையாக இருப்பதால், வெள்ளி, சனி இரவுகளில் பாட்டுச் சத்தம் நள்ளிரவுக்கு மேலும் நீளும். அந்தச் சாலைக்கு நடந்துபோகும் தூரம் என்பதை விடுதிக்காரர்கள் பெருமையாக எழுதுவார்கள். எனக்கு அதிலிருந்து நான்கு தெரு தள்ளி இருப்பதே பெருமை. விருந்தினர் கருத்துகளைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரப் புகழுரையையும் ஒற்றை நட்சத்திரக் கோபத்தையும் தாண்டி, கடைசி மூன்று மாதத்தில் நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் பொறுமையாகப் படித்தேன். சத்தம், தண்ணீர், பூட்டு என்ற மூன்று சொற்கள் அவர்கள் எழுத்தில்தான் உண்மையாக வருகின்றன.

தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டும்: டர்பனில் சில பகுதிகளில் நகராட்சிக் குழாய் அவ்வப்போது நின்றுவிடுகிறது. விடுதியில் சேமிப்புத் தொட்டி இருக்கிறதா, அது குளியலறைக் குழாய்க்கு இணைக்கப்பட்டிருக்கிறதா அல்லது தோட்டத்துக்கு மட்டுமா என்று கேட்டேன். ஒரு விடுதி கேள்வியைக் கண்டும் காணாமல் வாடகை விவரத்தை மட்டும் மறுபடி அனுப்பியது, அதை விட்டுவிட்டேன். இன்னொன்று தொட்டியின் படத்தையே அனுப்பிவைத்தது. மின்சாரம் போனால் இரவில் நடைவழி விளக்காவது எரியுமா என்பதையும் இப்படியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டறையா, தனியறையா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் சிறு வாக்குவாதம். பெண்கள் மட்டும் தங்கும் கூட்டறையில் இரண்டு கட்டில் 600 ரேண்டுக்குக் கிடைக்கும்போது தனியறைக்கு 190 கூடுதலாகக் கொடுப்பானேன் என்பது அவர் கட்சி. அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு நிச்சயமாகக் கிடைக்கும் என்று எந்த விடுதியும் எழுதித் தரவில்லை. மேல்தட்டுக்கு ஏணியில் ஏறும் முழங்கால் அம்மாவுக்கு இல்லை. அதோடு, அம்மா விடியற்காலை நான்கரைக்கு எழுந்து குளித்து விளக்கில்லாவிட்டாலும் வாய்விட்டுப் பாடிக் கும்பிடுகிறவர். அந்நேரத்தில் அயர்ந்து தூங்கும் மற்ற ஐந்து பெண்களின் தூக்கத்துக்கும் நாம் பொறுப்பு. இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்னதும் அம்மா உடனே ஒத்துக்கொண்டார். தரைத்தளத்தில், குளியலறைக்குப் பக்கத்தில் உள்ள தனியறை என்று கேட்டுப் பெற்றேன்.

சமையலறை பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பொது அடுப்பில் எல்லோரும் எல்லாமும் சமைப்பார்கள். மாட்டிறைச்சியும் பன்றியும் அதே வாணலியில் வதங்கும். அது அவர்கள் உரிமை. அம்மாவுக்காக ஒரு சிறிய குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டு, ஒரு கரண்டி தனியாக எடுத்துப்போகிறோம். அரிசியும் பருப்பும் எங்கும் கிடைக்கும். காய்கறிக்கு வார்விக் பகுதியின் அதிகாலைச் சந்தையும், மசாலாவுக்கு விக்டோரியா தெருச் சந்தையும் இருக்கின்றன. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வெண்டைக்காயும் குவிந்திருக்கும் ஊர் அது. கூட்டத்தில் கைப்பையும் கைப்பேசியும் பத்திரம். காலையில் போய் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவோம். ஒருநாள் மட்டும் சமையலுக்கு விடுமுறை விட்டு, பீன்ஸ் குழம்பு ஊற்றிய, கால் ரொட்டி அளவு ‘பன்னி சௌ’ வாங்கிப் பகிர்ந்துகொள்வோம். ரொட்டியைக் குடைந்து குழம்பை நிரப்பித் தரும் அந்த உணவு டர்பன் இந்தியர்கள் உலகுக்குக் கொடுத்தது.

பெட்டியில் வைக்க வேண்டியவற்றில் மற்றவர்கள் மறந்துவிடக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். விடுதி அலமாரிக்குப் பெரும்பாலும் நம் பூட்டைத்தான் போட வேண்டும். நடுத்தரமான நல்ல பூட்டு ஒன்று வேண்டும். குளியலறையில் தூவல் குழாய் மட்டும் இருக்கும், வாளியும் சொம்பும் இராது. அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் குவளை அவசியம். இந்நாட்டு மின்செருகி, ஊரில் தண்ணீர் சூடாக்கிக்குப் பயன்படும் பெரிய மூன்று முள் செருகியை ஒத்தது. கைப்பேசியின் சிறிய செருகி அதில் நேராகப் போகாது. கட்டிலுக்கு அருகே ஒரே ஒரு மின்துளைதான் இருக்கும் என்பதால் பலவாய்ச் செருகியும் எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் வெப்பமான ஊர் என்று நம்பி மெல்லிய துணியோடு போகக் கூடாது. ஆகஸ்ட் இரவில் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு இறங்கும், பழைய வீடுகளில் சூடேற்றும் வசதி இராது. ஒரு கம்பளிச் சால்வை போதும்.

கடலில் இறங்க நினைப்பவர்கள் அன்றன்றைக்கு விசாரித்துக்கொள்வது நல்லது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். கழிவுநீர் நிலையங்களும் சேதமடைந்து, கடற்கரைகளை அடிக்கடி மூட வேண்டியதாயிற்று. அதன் பிறகு நகராட்சி நீரின் தூய்மையைச் சோதித்து எந்தக் கரை திறந்திருக்கிறது என்று அறிவித்துவருகிறது. குளிக்கும் இடங்களில் 1952 முதல் சுறாவலை போட்டிருக்கிறார்கள். உயிர்காப்பாளர்கள் நட்ட இரு கொடிகளுக்கு இடையில்தான் இறங்க வேண்டும். அம்மா கால் நனைப்பதோடு சரி.

முன்பணம் கட்டுவதில் ஒரு வார்த்தை. பதிவு இணையதளங்கள் விடுதியிடம் தரகு வாங்குகின்றன. அதனால் விடுதிக்கே நேரடியாக எழுதினால் சில நேரம் விலை குறையும். ஆனால் இணையதளத்தில் உள்ள எண்ணும் வரைபடத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை பேசி, அதன் பிறகே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும். ஓர் இரவு வாடகையை மட்டும் முன்பணமாகக் கேட்ட விடுதியையே நான் தேர்ந்தெடுத்தேன்; ஏழு நாளுக்கு முன் ரத்துசெய்தால் அதுவும் திரும்பும் என்று எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

நேற்று விடுதியிலிருந்து உறுதிக் கடிதம் வந்தது. தரைத்தளம், இரு கட்டில், சன்னலுக்கு வெளியே மாமரம். அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு, கப்பல் பட்டியலில் தேடுவதற்காகத் தாத்தாவின் அண்ணன் பெயரை மறுபடி சரிபார்த்தேன். ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், முனுசாமி இங்கே ‘மூன்சாமி’ ஆகியிருக்கிறார், கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகியிருக்கிறார். ஒரே பெயரை எத்தனை விதமாக உச்சரிக்கலாம் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் குறிப்பேட்டில் எழுதினேன். பதினொரு விதம் வந்தது. பன்னிரண்டாவதை அம்மா இன்று காலை குரல் செய்தியாக அனுப்பியிருக்கிறார்.